பழைய ஜீன்ஸைப் படிக்கும் முறை

சங்க மலருக்கு வேதியியல் மாணவன் ஒருவன் கட்டுரை எழுதுகிறான் என்றால், அணுக்களைப் பற்றியோ மருந்துகளைப் பற்றியோ ஏதேனும் இருக்கும் என்று நண்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நான் எழுதப் புகுந்ததோ ஒரு பழைய கால்சட்டையைப் பற்றி. சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சரோஜினி நகர்ச் சந்தையில், துணிக் குவியலுக்குள் முழங்கை வரையில் கையை விட்டு, பேரம் பேசி, 300 ரூபாய்க்கு நான் எடுத்து வந்த ஜீன்ஸ் அது.

விடுதிக்குக் கொண்டு வந்தபோது பக்கத்து அறை நண்பர் அதைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். அவர் பழைய ஆடைகளை வாங்கி விற்பவர். படிப்பைவிட அதில்தான் அவருக்கு ஊக்கம் மிகுதி. 'இது லீவைஸ் 501. பின்பையின் ஓரத்தில் சிவப்பு நாடாத் துண்டு ஒன்று இருக்க வேண்டும். அதில் நிறுவனத்தின் பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தால், இது 1971-க்கு முந்தியது. 15,000 ரூபாய்க்கு ஆள் இருக்கிறது. நடுவிலுள்ள ஈ சிறிய எழுத்தாக இருந்தால் பிந்தியது. அவ்வளவு கிடைக்காது' என்றார். என் கால்சட்டையில் அந்த நாடாத் துண்டே இல்லை. இருந்த இடத்தில் சிவப்புப் பிசிறு இரண்டொன்று மட்டும் நின்றது. 'கவலை இல்லை, வேறு அடையாளங்களைக் கொண்டு முந்தியது என்று நிறுவிவிடு' என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த மாதம் ஆராய்ச்சிப் படிப்பின் நுழைவுத் தேர்வுகள் மூன்றுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. தேர்வு எழுதப் போய்வர இரயில் செலவு வேறு. ஆகவே, அறிவுத் தாகம் ஒன்றினால்தான் இத்துறையில் இறங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

முதலில் நான் கற்றது, ஜீன்ஸை வெளிப்புறம் பார்த்துப் பயனில்லை, உட்புறம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது. இரண்டாவது, அதில் அழகுக்காக வைத்ததாக நாம் நினைக்கும் பல உறுப்புகள் ஏதோ ஒரு குறையைத் தீர்க்க வைத்தவை. அல்லது தீர்க்க முடியாமல் விட்டவை.

செம்பு ஆணியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ என்னும் ஊரில், ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். ரீகா நகரில் பிறந்து, பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றவர். 1870-71 குளிர்காலத்தில், மரம்வெட்டி ஒருவரின் மனைவி, தம் கணவருக்கு எளிதில் கிழியாத கால்சட்டை ஒன்று வேண்டும் என்று அவரிடம் வந்தார். பையில் கருவிகளைத் திணித்துக் கொள்பவனுக்குத் துணி நடுவில் கிழிவதில்லை; பையின் மூலையில்தான் கிழியும். இழுக்கும் விசை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் வந்து குவிவதே காரணம். டேவிஸ் குதிரைப் போர்வைகளுக்கு அடித்து வந்த செம்பு ஆணிகளை எடுத்து அந்த மூலைகளில் அடித்தார். இழுவிசை நூலைவிட்டு உலோகத்துக்கு மாறியது. செய்தி பரவிற்று. உரிமம் பெறத் தம்மிடம் பணம் போதாததால், தாம் துணி வாங்கி வந்த சான்பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராஸுக்கு 1872-இல் கடிதம் எழுதிக் கூட்டு வேண்டினார். லீவையும் பவேரியாவிலிருந்து குடியேறியவரே. 1873 மே 20 அன்று 139,121 என்ற எண்ணுள்ள உரிமம் கிடைத்தது. அது 1890-இல் காலாவதியாயிற்று. அதன்பின் யார் வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம் என்றாகிவிட்டது. 501 என்ற எண் வழக்கிற்கு வந்ததும் ஏறத்தாழ அக்காலமே. அந்நாளில் இதற்கு ஜீன்ஸ் என்று பெயரில்லை. 'இடுப்பு ஓவரால்' என்றே விற்றார்கள். 1960 வாக்கில்தான் அந்நிறுவனம் ஜீன்ஸ் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது.

அந்த ஆணிகள் பிறகு பட்ட பாடு சுவையானது. பின்பைகளில் இருந்த ஆணிகள் குதிரைச் சேணத்தையும் பள்ளி நாற்காலிகளையும் கீறுகின்றன என்று புகார் எழுந்தது. 1937-இல் அவற்றை வெளியே தெரியாதபடி துணியால் மூடித் தைத்தார்கள். மூடினால் மட்டும் உலோகம் சும்மா இருக்குமா? உள்ளிருந்தே துணியை அரித்து, நாளடைவில் வெளியே தலைநீட்டிற்று. ஆகவே 1966-இல் அதை எடுத்துவிட்டு, தையற்கூடங்களில் 'பார்டாக்' என்று சொல்லும் நெருக்கமான குறுக்குத் தையலை வைத்தார்கள். கால்கள் பிரியும் இடத்திலும் முன்னர் ஓர் ஆணி உண்டு. நெருப்பருகே குந்தியிருக்கும்போது அது சூடேறிய கதையை அமெரிக்கர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். கதை எப்படியாயினும், அது போனது இரண்டாம் உலகப் போரின்போது. போர்க்காலத்தில் உலோகமும் நூலும் துணியும் சிக்கனம். கடிகாரப் பையின் ஆணிகளும், இடுப்பின் பின்னால் இறுக்கிக் கட்டும் வாரும் அத்துடன் போயின. பின்பையில் பறவைச் சிறகு போல் வளைந்து செல்லும் இரட்டைத் தையல் வெறும் அலங்காரம் என்று கருதப்பட்டதால், அதற்கு நூல் செலவிடத் தடை. நிறுவனத்தார் அதைத் தைக்காமல் வண்ணத்தால் வரைந்து அனுப்பினார்கள்! துவைத்தால் அழிந்துபோகும் அந்த வண்ணக்கோடு இன்றும் சிறிது தெரியும் போர்க்காலக் கால்சட்டைக்கு என்ன விலை என்பதை நான் இங்கே எழுதினால், நம் சங்கப் பொருளாளர் வருந்துவார்.

என் கால்சட்டையின் பின்பையை உட்புறமாகத் தடவிப் பார்த்தேன். ஆணி தட்டுப்படவில்லை, பார்டாக்தான் இருந்தது. ஆகவே 1966-க்குப் பிந்தியது. இன்னும் ஐந்தாண்டு இடைவெளி எனக்கு மிச்சமிருந்தது.

அடுத்து வெளிப்பக்கத் தையலைப் பிரித்துப் பார்த்தபோது, இருபுறமும் வெண்மையான கரையும், அக்கரையில் ஒரே ஒரு சிவப்பு நூலும் ஓடுவதைக் கண்டேன். வேட்டி கட்டும் குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கரை என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. நாடா ஓடும் தறியில் ஊடை நூல் அறுபடாமல் போய்த் திரும்புகிறது. அதனால் துணியின் ஓரம் தானே கட்டிக்கொள்கிறது. அத்தகைய பழைய தறிகளில் டெனிமின் அகலம் ஏறத்தாழ 30 அங்குலந்தான். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் இருந்த கோன் ஆலையினர், யாருக்கு நெய்த துணி என்று தெரிவதற்காகக் கரையில் வண்ண நூல் வைத்தனர், லீவைஸுக்குச் சிவப்பு. நாடா இல்லாத புதிய தறிகள் வந்து அகலம் இருமடங்கானதும் கட்டிய கரை மறைந்தது. வெட்டிய ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் வந்தது. 501-இல் இந்த மாற்றம் 1980-களின் நடுப்பகுதிக்குள் முடிந்துவிட்டது. கோன் நிறுவனத்தின் வொயிட் ஓக் ஆலையும் 2017-இன் இறுதியில் மூடப்பட்டது.

என் தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளமையில் பம்பாய் சென்று, தாராவியில் ஒரு தையற்கூடத்தில் முப்பது ஆண்டுகளாக இயந்திரம் மிதிப்பவர். நான் நாலைந்து நாள் படித்துத் தெரிந்துகொண்டதைப் பெருமையாக அவரிடம் சொல்ல எண்ணி, தொலைபேசியின் திரையில் தையலைக் காட்டினேன். கரை என்று நான் வாயெடுக்குமுன்பே, 'கரையைத் தையலுக்குள்ள வச்சிருக்கான் பாருலே. ஓவர்லாக்குக்கு நூலும் மிச்சம், ஆளும் மிச்சம். அதுக்காவத்தான் வெளிப்பக்கத்தை நேரா வெட்டியிருக்கான். வளைவையெல்லாம் உள்பக்கம் தள்ளிட்டான்' என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. கரை நேர்கோடு, ஆகவே அதனுடன் ஒட்டிவரும் தையலும் நேர்கோடாகத்தான் இருக்க முடியும். உடலின் வளைவுகளுக்கெல்லாம் உட்பக்கத் தையல் ஒன்றே ஈடு கொடுக்க வேண்டும். பழைய 501-இன் உருவம் பலகையைப் போல் நேராக இருப்பதற்குத் துணியின் அகலமும் ஒரு காரணம்.

நேராக வெட்டிய அந்தத் தையல் நேராக நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. என் கால்சட்டையில் வெளிப்பக்கத் தையல் முழங்காலுக்குக் கீழே மெல்ல முன்பக்கம் திரும்பி, பாதத்தின்மேல் வந்து நிற்கிறது. அணிந்து நடந்தால் கால் கோணலோ என்று பார்ப்பவர் ஐயுறுவர். குற்றம் நெசவினுடையது. டெனிம் என்பது ட்வில் என்னும் சாய்வரி நெசவு: ஊடை நூல் ஒன்றன்கீழ் சென்று, பாவு நூல் மூன்றன்மேல்—இல்லை, தவறு. பாவு நூல் ஊடை மூன்றின்மேல் சென்று ஒன்றன்கீழ் நுழைகிறது. அடுத்த பாவு அதையே ஒரு படி தள்ளிச் செய்கிறது. (என்னையே குழப்பும் இடம் இது, தறியைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.) இப்படித் தள்ளித் தள்ளிச் செல்வதால் துணியில் சாய்வான வரிகள் தோன்றுகின்றன. சாதாரண நெசவில் இருபுறமும் விசை சமமாக நிற்கும். சாய்வரி நெசவில் அது ஒரு பக்கம் சாய்ந்தே அடங்கிக் கிடக்கும். தறியிலும் கஞ்சியிலும் கட்டுண்டிருந்த அவ்விசை முதல் துவைப்பில் விடுதலை பெறுகிறது. துணி சாய்கிறது, குழல்போல் தைத்த கால் முறுக்கிக்கொள்கிறது. இதற்கு ஒவ்வொருவரும் ஒரு மருந்து தேடினர். லீ நிறுவனம் வரியை எதிர்ப்பக்கம் சாய்த்து நெய்த துணியைப் பயன்படுத்திற்று. ராங்லர் நிறுவனம் 1964-இல் வரியின் திசையை இடையிடையே மாற்றி உடைத்த நெசவைக் கொண்டுவந்து, முறுக்கையே ஒழித்தது. பின்னர் ஆலைகளே துணியை முன்கூட்டி எதிர்ப்பக்கம் சாய்த்து அனுப்பக் கற்றுக்கொண்டன. இத்தனை பேர் பாடுபட்டு ஒழித்த அந்தக் கோணலைத்தான், இன்று ஜப்பானியர் தங்கள் மறுபடைப்புகளில் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள்.

சாயத்திற்கு வருகிறேன், இது என் சொந்த ஊர் போன்றது. அவுரியிலிருந்து எடுக்கும் நீலம் நீரில் கரையாது. சாயப்பட்டறைகளில் ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் டைதயோனைட்டைக் காரக் கரைசலில் சேர்த்து ஒடுக்கினால், நீலம் நிறமிழந்து மஞ்சட் பச்சையாகிக் கரைகிறது. பாவு நூல்களைக் கயிறாகத் திரட்டி அதில் அமிழ்த்தி, வெளியே எடுத்துக் காற்றில் காட்டுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகும். கண்முன் நடக்கும் இந்த மாற்றத்தை ஒருமுறை ஆய்வகத்தில் செய்து பாருங்கள். தேர்வுக்குப் படித்தது மறந்தாலும் இது மறக்காது. அமிழ்த்துவதும் காட்டுவதுமாக ஆறு முறை, அதற்கு மேலும் நடக்கும். ஆனால், பஞ்சின்மீது இச்சாயத்திற்குப் பற்று குறைவு. நூலின் நடுவரை ஊடுருவுமுன் மேற்பரப்பிலேயே நீலமாகி நின்றுவிடுகிறது. நூலைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், சுற்றிலும் நீல வளையம், நடுவே வெண்மை. தேயத் தேய வெண்மை வெளிப்படுகிறது. சாயக்காரனின் கணக்கில் இது தோல்வி. ஜீன்ஸின் புகழ் முழுவதும் இத்தோல்வியில்தான் இருக்கிறது: முழங்காலின் வெளுப்பும், தொடை மடிப்பின் கீற்றுகளும், பணப்பை இருந்த சதுரமும் இப்படி வருபவையே. ஊடை நூலுக்குச் சாயமே கிடையாது. அதனால்தான் உட்புறம் வெளிறியிருக்கிறது.

பழைய ஜீன்ஸில் வெளுப்பு நெடுக்குக் கோடுகளாக இறங்குவதைக் காணலாம். அக்காலத்து ரிங் நூல் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தது. தடித்த இடம் முதலில் தேயும். 1970-களில் பரவிய ஓப்பன் எண்ட் நூல் ஒரே சீரானது. வெளுப்பும் ஒரே சீராகச் சப்பென்று இருக்கும். கோவைப் பக்கத்து நண்பர்கள் இந்த இரண்டு நூலையும் விரலால் தொட்டே சொல்லிவிடுவார்கள் என நினைக்கிறேன்.

தந்தையார் கேட்டது வேறு. 'கால் மடிப்பைத் திருப்பிக் காட்டு பாப்போம்.' காட்டினேன். 'இது கம்பெனித் தையல் இல்லலே' என்றார் உடனே. லீவைஸ் ஆலைகளில் கால்மடிப்பை யூனியன் ஸ்பெஷல் 43200ஜி என்ற இயந்திரத்தில் சங்கிலித் தையலாகப் போட்டனர். அதன் அடிப்பக்கத்தில் நூல் வளையத்துக்குள் வளையமாகப் பின்னி நிற்கும். அந்த இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு: மடிப்பின் மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தாது. மடிப்பு சிறிது கோணிக்கொள்ளும். துவைத்துச் சுருங்கியதும் கோணல் மேடுபள்ளமாகி, மேடு வெளுத்து, பள்ளம் கறுத்து, மடிப்பு முழுவதும் முறுக்கிய கயிறுபோல் தோன்றும். இதற்காகவே அந்தப் பழைய இயந்திரத்தைத் தேடிப் பெருவிலை கொடுத்து வாங்கிவைத்திருக்கும் கடைகள் உண்டு. என் கால்சட்டையில் கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை, சாதாரணத் தையல். 'எவனோ ஒரு டைலர் கடையில ஒக்காந்து வெட்டித் தச்சிருக்கான். நூல் கலர் கிடைக்கல, இருக்கறதப் போட்டிருக்கான். ஆனா தையல் நேரா இருக்குலே, நல்ல கை' என்றார். நண்பரோ அதே மடிப்பைப் பார்த்து, 'மதிப்பில் பாதி போயிற்று' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1880-களைச் சேர்ந்த லீவைஸ் கால்சட்டை ஒன்று, கைவிடப்பட்ட சுரங்கத்தில் கிடைத்தது, 2022-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஏலம் போயிற்று. விலை 76,000 டாலர். ஏலக் கட்டணத்துடன் 87,400. அதன் பைத்துணியின் உட்புறத்தில் அச்சிட்டிருந்த வாசகம், இவ்வகையில் வெள்ளையர் உழைப்பால் ஆனது இது ஒன்றே என்பது. சீனர்கள் அமெரிக்காவில் குடியேறுவதை 1882-இல் சட்டம் தடுத்தது. சீனர் கை பட்ட பொருளை வாங்காதே என்ற கூச்சல் அக்காலத்தில் மிகுதி. அதற்கு இசைந்து அந்நிறுவனம் இவ்வாறு அச்சிட்டது, 1890-களில் கைவிட்டது. ரீகாவிலிருந்து வந்த ஒருவரும் பவேரியாவிலிருந்து வந்த ஒருவரும் கூடிச் செய்த கால்சட்டை! 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டார் வேண்டாம் என்ற முழக்கம் எழுந்த நாளில், கடையின் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே இருந்து தைத்ததாக என் பாட்டனார் சொல்லுவார். அந்தப் பைத்துணியின் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தையாருக்கு அதை அனுப்பவில்லை.

என் ஆராய்ச்சி முடிந்த கதைக்கு வருவோம். வலப்பக்க உட்தையலில் நகத்தளவு வெள்ளைத் துணித் துணுக்கு ஒன்று செருகியிருந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அழிந்த எழுத்துகளின் அடிப்பகுதி தெரிந்தது. துவைக்கும் முறையைச் சொல்லும் சீட்டின் மிச்சம் அது. அமெரிக்காவில் அத்தகைய சீட்டை ஆடையில் தைத்தே ஆகவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 1972 ஜூலையில். ஆகவே, பெரும்பாலும் 1972-க்கும் 1980-களின் நடுவுக்கும் இடைப்பட்டது என் கால்சட்டை. பெரிய எழுத்து ஈ, 15,000 ரூபாய் எல்லாம் கனவாயின.

'இரண்டு தையல்தானே, வெட்டிவிடு. வாங்குபவனுக்குப் படந்தான் அனுப்பப் போகிறோம்' என்றார் நண்பர். கத்தரி மேசைமேல்தான் இருந்தது. அன்றிரவு தந்தையாரிடம் பேசும்போது, யாரோ செய்வதுபோல், தைத்த சீட்டை வெட்டி எடுத்தால் தெரியுமா என்று கேட்டேன். 'ஊசித் துளை எங்கலே போவும்? மூடியிருந்த எடம் மட்டும் கருநீலமா நிக்கும். துணி தெரிஞ்சவன் தடவிப் பாத்தே சொல்லிருவான்' என்றார். சிறிது நேரம் கழித்து, 'பரிட்சைக்கு எவ்வளவு வேணும்?' என்று கேட்டார்.

துணுக்கை வெட்டவில்லை. இதை நேர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். துளை தெரியும் என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. துணுக்கையும் மாற்றிய மடிப்பையும் படமெடுத்து அனுப்பி, உள்ளதை எழுதினேன். புனேயிலிருந்து ஒருவர் 3,500 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். தேர்வுக் கட்டணத்துக்குப் போதுமானது. இரயில் செலவைத் தந்தையார் அனுப்பினார்.

விடுதித் தோழர்களுள் யாரிடமாவது சிற்றப்பாவோ மாமாவோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ஜீன்ஸ் பெட்டியடியில் கிடந்தால், பாத்திரக்காரரிடம் போடுமுன் ஒருமுறை உட்புறம் திருப்பிப் பாருங்கள். முதலில் வெளிப்பக்கத் தையல், பிறகு பின்பையின் மூலை, பிறகு கால்மடிப்பு. ஐயமிருந்தால் ஞாயிறு மாலைகளில் என் அறைக்குக் கொண்டு வரலாம். எனக்கும் தெரியாவிட்டால் தாராவிக்குத் தொலைபேசியில் காட்டுவோம். இரவு ஒன்பது மணிக்குமேல்தான் அவர் இயந்திரத்தைவிட்டு எழுவார்.